கருவூலத்தின் இருநூறு நாழிகை

மேகலாபுரியைக் குலவர்த்தனன் என்றோர் அரசன் ஆண்டது வெகு காலத்துக்கு முன்பு. நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினாரோ அவர் பேச்சைத்தான் நம்புவான்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் வந்து, "எங்கள் கருவூலத்தில் கணக்கர் ஒருவர் வாரத்துக்கு நூற்றைம்பது நாழிகை உழைக்கிறார்" என்று பெருமை அடித்துவிட்டுப் போனான்.

"நம் கருவூலத்தில் எவ்வளவு?" என்று கேட்டான் அரசன்.

பணியாளர் பெயரேட்டை வைத்திருந்த அதிகாரி அரிகண்டன் எழுந்தான். "சராசரி நூறுதான், மகாராஜா. அதுவும் நாழிகை மணி அடிக்கிற வடிவுடையாள் சொல்லும் கணக்கு. அவள் தம்பி அங்கே கணக்கன். அவனுக்காக வேலை முடியும் மணியை எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறாளோ, யார் கண்டது?"

சபையில் அரசன் வடிவுடையாளைப் பாராட்டும் போதெல்லாம் அரிகண்டனுக்கு வயிறு எரியும். அன்று அதைத் தீர்த்துக்கொண்டான்.

அரசன் முகம் சிவந்தது. "நாளை முதல் சராசரி இருநூறு ஆக வேண்டும். ஆகாவிட்டால் அக்காளும் தம்பியும் நாட்டை விட்டுப் போகட்டும்."

செய்தி கேட்ட வடிவு வீட்டுக்கு ஓடினாள். தம்பி சிங்காரம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான்.

"இப்போதே ஆளுக்கு இருநூறு நாழிகை உழைக்கிறோம், அக்கா. ஏட்டில் நாற்பது பேர். பாயில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது இருபதே பேர். மற்றவர்களெல்லாம் அரிகண்டனின் சொந்தக்காரர்கள். சம்பளம் மட்டும் வாங்குகிறார்கள்."

இருபது பேரின் உழைப்பை நாற்பதால் வகுத்ததால்தான் சராசரி நூறு என்று வடிவுக்குப் புரிந்தது. இனி சராசரி இருநூறு வேண்டுமென்றால் இந்த இருபது பேரும் ஆளுக்கு நானூறு உழைக்க வேண்டும். ஒரு வாரத்தில் மொத்தமே நானூற்றிருபது நாழிகைதான். செத்துப்போவார்கள்.

"இதை ஏன் யாரும் சொல்லவில்லை?"

"ஏட்டில் அரச முத்திரை இருக்கிறது. அது பொய் என்று சொன்னால் தலை போகும்."

மறுநாள் காலை வடிவு சபையில் போய் நின்றாள். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மகாராஜா, கட்டளைக்குக் கட்டுப்படுகிறோம். ஒரே ஒரு விண்ணப்பம். நாற்பது பேருக்கும் உங்கள் கையால் ஆளுக்கொரு பட்டுச் சால்வை கொடுங்கள். உற்சாகமாகத் தொடங்குவார்கள்."

பட்டு என்றதும் அரிகண்டனே முந்திக்கொண்டான். "நல்ல யோசனை. நாற்பது பேரையும் நானே அழைத்து வருகிறேன்."

உச்சிவேளையில் நாற்பது பேரும் வந்து சபை வாசலுக்கு வெளியே நின்றார்கள்; பெயர் அழைத்தபோது ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். முதலில் வந்த சிங்காரத்தை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

அரசன் முதல் சால்வையை எடுத்தபோது வடிவு சொன்னாள். "ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், மகாராஜா. கருவூலம் நிலத்தடியில் இருக்கிறது. இறங்க எத்தனை படி?"

அரிகண்டன் சட்டென்று நிமிர்ந்தான். "அரசர் பட்டு கொடுக்கும் இடத்தில் இதென்ன விளையாட்டு?"

"நீ உட்கார்" என்றான் அரசன்.

சிங்காரம் கண்ணைத் திறக்காமலே, "பதினேழு. ஒன்பதாவது உடைந்திருக்கிறது" என்றான். அடுத்தவனும் பதினேழு என்றான். இருபது பேரும் அதையே சொன்னார்கள்.

இருபத்தோராவது ஆள் அரிகண்டனைப் பார்த்தான். "ஐந்து... இல்லை, ஐம்பது." அடுத்தவன், "ஏணியில்தானே இறங்குவோம்?" என்றான். சபையில் யாரும் சிரிக்கவில்லை. அரசனின் கை பட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

கடைசிப் பெயருக்கு ஒரு தாதி முன்னால் வந்தாள். அவள் இடுப்பில் ஏழு மாதக் குழந்தை.

"இவர் யார்?" என்றான் அரசன் மெதுவாக.

"அதிகாரியின் பேரன், மகாராஜா. பட்டு வாங்கத் தூக்கி வரச் சொன்னார்."

"இவர் வாரத்துக்கு எத்தனை நாழிகை உழைக்கிறார், அரிகண்டா?"

அரிகண்டன் தாதியைப் பின்னால் போகச் சைகை காட்டினான்.

அரசன் வடிவின் பக்கம் திரும்பினான். "உண்மைக் கணக்கைச் சொல்."

"இருபது பேர், ஆளுக்கு இருநூறு. நீங்கள் கேட்டதை அவர்கள் முன்பே செய்துகொண்டிருந்தார்கள், மகாராஜா."

 அரசன் பட்டுகளை இருபது கணக்கருக்கும் இரண்டிரண்டாகப் போர்த்தினான். "நேற்று நான் அவசரப்பட்டேன்" என்று சபையறியச் சொன்னான். பெயரேட்டை வடிவிடம் கொடுத்தான். அரிகண்டனையும் எழுதத் தெரிந்த அவன் உறவினரையும் பாயில் உட்கார வைத்தான். யாரும் வாரத்துக்கு நூறு நாழிகைக்கு மேல் உழைக்கக் கூடாது என்றும் ஆணையிட்டான்.

அன்று பொழுது சாயும் முன்பே வடிவு வேலை முடியும் மணியை அடித்தாள். கணக்கர்கள் மேலே வந்தார்கள். அந்த நேரத்து வெயிலைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தெருவிலேயே சற்று நேரம் நின்றார்கள்.