ஈயக்குண்டுக்கு மேலே ஒரு முழ நூல்

ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனுஷன் சிஷ்யனாகச் சேர்ந்தால் துறைமுகம் சும்மா விடுமா? "ஆசானுக்கு வெத்தல பாக்கு வச்சாச்சா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் பெல்லார்மினைச் சீண்டினான். ஆசான் ததேயுவுக்கு வயது முப்பத்தாறு. அதுதான் இளக்காரம்.

பெல்லார்மினுக்கு அதுவா கவலை? வலையில் மீன் படாமலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது. போட்டில் கூட வரும் மூன்று பேரில் மூத்தவன் சில்வதாசன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்: "இந்த ஒரு தடவை வாறோம். சரிப்படல்லேன்னா மூணு பேரும் கொச்சிக்குப் போறோம்." அதனால்தான் வலையைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு, ஆழத்தில் தூண்டில் இழுக்கும் வேலையைப் படிக்க ததேயுவிடம் வந்தார்.

வேலை இதுதான். போட்டின் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு ஒவ்வொரு இரும்புக் குழாய். குழாயின் நுனி வழியாகக் கடலுக்குள் இறங்கும் ஒரு கம்பி. கம்பியின் அடியில் ஆறு கிலோ ஈயக்குண்டு. குண்டு ஆழத்தில் போகும், அதோடு தூண்டிலும் போகும். நெய்மீன் அங்கேதான் கிடக்கிறது.

ததேயு குழாய்களை போல்ட்டு போட்டு இறுக்கினார். கம்பியில் தொங்கி இழுத்துப் பார்த்தார். கடைசியில், இரண்டு பக்கமும் கம்பிக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு முழம் பழைய நூல்கயிறு கட்டினார்.

"ஆசானே, எல்லாம் இரும்பு. இது என்ன நூலு?"

"அறுந்து போறதுக்கு."

"அறுந்து போறதுக்கு எவனாவது கெட்டுவானா?"

"நான் கெட்டுவேன் அண்ணே," என்று சொல்லிவிட்டு ததேயு சாப்பிடப் போனார்.

பெல்லார்மின் போட்டை நாலு தரம் சுற்றி வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். வலைக்காரனுக்கு வலை அறுந்து வருவதைப் போல அவமானம் வேறு கிடையாது. ஒரு கண்ணி விட்டுப்போனால் கூட, "கெட்டினவன் யாருடே?" என்று கரையே கேட்கும். அப்படிப் பழகின கை சும்மா இருக்குமா? இடது பக்கத்து நூலை அறுத்தெறிந்துவிட்டு நைலான் கயிற்றைக் கட்டினார். ஒன்றுக்கு நாலு முடிச்சு. வலது பக்கத்துக்கு வருவதற்குள் ததேயு திரும்பி வந்துவிட்டார். பெல்லார்மின் மிச்சக் கயிற்றை இடுப்புச் சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கடலுக்குப் போனார்கள். இரண்டு குண்டும் ஆழத்துக்கு இறங்கின. ததேயு எஞ்சினில் நின்றார். பெல்லார்மினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயைப் பார்ப்பார், சில்வதாசன் முகத்தைப் பார்ப்பார், மறுபடி குழாயைப் பார்ப்பார்.

"இன்னும் கடிக்கல்லியே ஆசானே. அங்கோட்டுப் போவமா?"

"பைய அண்ணே, பைய."

"மணி எட்டாச்சே!"

ததேயு போட்டை நேராகவே விட்டார்.

அடியில் ஒரு பார் கிடந்தது. கடலுக்குள் குறுக்குச் சுவர் போல நீளும் பாறையைத்தான் அங்கே பார் என்பார்கள். இடது குண்டு அதில் போய் மாட்டியது.

நைலான் அறுமா? குழாய் வளைந்தது. போட்டு அப்படியே இடது பக்கம் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டியது. "என் மாதாவே!" என்று யாரோ கத்தினார்கள். சில்வதாசன் குழாய்க்குப் பக்கத்தில்தான் நின்றான். ததேயு எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அடுத்த நொடி போல்ட்டெல்லாம் பிய்ந்து, அவன் நின்ற இடத்தை அடித்துக்கொண்டு குழாய் கடலுக்குள் போனது.

போட்டு நிமிர்ந்தது. தண்ணீரை இறைத்தார்கள். பெல்லார்மினுக்குச் சில்வதாசனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவு வெட்கம்.

"நான்தான் மக்கா," என்றார். "ஆசான் கெட்டின நூலை மாத்தி நைலான் போட்டேன். மீன் படல்லேன்னா நீங்க போயிருவியளேன்னு பயம்."

"பயந்து பயந்தே கொன்னிருப்பீரே வேய்!" என்று சில்வதாசன் கடலில் காறித் துப்பினான்.

ததேயு திட்டவில்லை. வலது பக்கம் போய்க் கம்பியைச் சுற்றி எடுத்தார். குண்டு இல்லை. கம்பியின் முனையில் விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது. வலது குழாய்க்கு ஒரு கீறல் கூட இல்லை.

சில்வதாசன் நூலையும் குழாயையும் பார்த்தான். பிறகு பெட்டியைத் திறந்து, இன்னொரு குண்டை எடுத்துக்கொண்டு வந்து ததேயுவின் காலடியில் வைத்தான்.

பெல்லார்மின் நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்ப அறுந்துச்சு ஆசானே?"

"இடது பக்கம் மாட்டினப்பவே. இதுவும் அதே பார்லதான் மாட்டிச்சு."

"நானும் போட்டுலதானே நின்னேன். ஒண்ணும் தெரியல்லியே?"

"தெரியாது அண்ணே." ததேயு ஒரு முழம் புது நூலை அவர் கையில் கொடுத்தார். "நல்லாக் கெட்டினது அப்படித்தான் அறும்."