நடுவுல இருந்து வெச்ச வானம்

ஒரு ஊர்ல ஒரு ஊத்துக் கிணறு இருந்துச்சாம். ஏட்டி வேணி, 'ம்' கொட்டணும், கேட்டியா? 'ம்' வரலைன்னா நீ தூங்கிட்டேன்னு நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன். வெளிச்சமா இருக்கா? ஜூலை மாசம் இங்க ஒன்பது மணிக்கும் சூரியன் போகாது, அதுக்கு அத்தை என்ன செய்ய முடியும்? திரையை இழுத்தாச்சு. கண்ணை மூடிக்கிட்டு காதை மட்டும் தொறந்து வை.

"ம்."

அந்த ஊர் பேரு பிராம்லிடேல். இங்கிலாந்துல, டார்பிஷயர்ல ஒரு மலைப் பள்ளத்துல இருக்கு. அறுபது வீடு, ஒரு சர்ச், ஒரு தபாலாபீஸ், மனுஷங்களை விட ஆடு ஜாஸ்தி. ஒரு காலத்துல சுத்துப்பட்டு ஊரெல்லாம் தண்ணி வத்திப் போச்சாம். அப்போ அந்த ஊர்ல மூணு கிணறு மட்டும் வத்தாம சலசலன்னு ஓடுச்சாம். அதனால வருஷா வருஷம் ஜூலை மாசம் கிணத்துக்கு நன்றி சொல்றது அவங்க வழக்கம். எப்படிச் சொல்லுவாங்க? கதவு உசரத்துக்கு ஒரு மரப் பலகை. அதுல ஈரக் களிமண்ணை அப்பி, அது மேல பூவிதழை ஒண்ணொண்ணா அமுக்கி, ஒரு பெரிய படம் செய்வாங்க. அதைக் கிணத்துக்கு முன்னாடி நிறுத்தி வெச்சதும் பாதிரியார் வந்து ஜெபம் பண்ணுவார்.

"நிஜப் பூவா?"

நிஜப் பூதான். காயிதம், பிளாஸ்டிக் ஒண்ணும் கூடாது. கோடு போடுறதுக்குக் கூட காப்பிக்கொட்டையை வரிசையா பதிப்பாங்க. நல்ல காப்பிக்கொட்டை. பாத்தா வயிறு எரியும்.

அப்புறம், அந்த மூணுல மேல இருக்கிறது மேட்டுக் கிணறு, அதுக்குப் பக்கத்து வீட்டுல ஃப்ராகட் அம்மான்னு ஒரு கிழவி. எழுபத்தொம்பது வயசு. வீட்டுக்காரர் போய்ச் சேந்தாச்சு, புள்ளை குட்டி கிடையாது. மேட்டுக் கிணத்துப் பலகை நாப்பது வருஷமா அவங்க பொறுப்பு. வருஷத்துல அந்த ஒரு வாரம்தான் அவங்க வீட்டுக்குள்ள நாலு ஆளு வரும், போகும், டீ குடிக்கும். மிச்ச நாள் பூரா கடிகாரம் மட்டும்தான் டிக்கு டிக்குன்னு பேசிக்கிட்டு இருக்கும். அவங்களுக்கு முடக்குவாதம் வந்து விரல் மடங்கிப் போச்சு. அதனால போன வருஷம் பாதிப் பூ ஒட்டவே இல்ல.

அப்போ விழாக் கமிட்டித் தலைவர் ஹீத்கோட்டுன்னு ஒருத்தர் வந்தார். ரொம்ப விறைப்பான மனுஷன். "இங்க பாருங்கம்மா. மூணு பலகைக்கு ஊர்ல ஆள் இல்ல. இந்த வருஷம் ஜெபம் முடியுற வரைக்கும் உங்க பலகை நின்னா சரி. நிக்கலைன்னா அடுத்த வருஷத்துல இருந்து கீழ் ரெண்டு கிணறு போதும்"னு சொல்லிட்டு டக்கு டக்குன்னு படியிறங்கிப் போயிட்டார்.

"பாவம்."

பாவம்தான். இப்போ, அந்தத் தெருவுல மேல ஒரு வீடு. அதுல திருநெல்வேலியில இருந்து ஒரு பொண்ணு புதுசா வந்திருந்தா. புருஷனுக்குச் சுண்ணாம்புக் குவாரி ஆபீஸ்ல வேலை. அவ வந்து ரெண்டு மாசம் ஆச்சு, யாரும் பேசல. காலையில வாசல்ல மாவுக் கோலம் போடுவா. மழை வந்து அழிச்சிரும். மறுநாள் திரும்பப் போடுவா. ஜன்னல் வழியா இதைப் பாத்துக்கிட்டே இருந்த ஃப்ராகட் அம்மா ஒருநாள் வந்து கதவைத் தட்டி, "உன் விரல் எனக்கு வேணும்"னு கேட்டாங்க.

"அது நீங்கதானே அத்தை?"

கதைக்குள்ள தலையை நீட்டாத. ஒரு பொண்ணுன்னு சொன்னேன்ல. போத்திக்கோ.

ஞாயித்துக்கிழமை களிமண் மிதிக்கிற வேலை. எல்லாரும் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு மிதிக்கிறாங்க. இவ சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வெறுங்காலோட இறங்கிட்டா. சளக்கு புளக்கு, சளக்கு புளக்கு. ஒருத்தி அதைப் பாத்து களுக்குன்னு சிரிச்சா. அவ்வளவுதான், இவளுக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துருச்சு. காலைக் கூடக் கழுவாம விறுவிறுன்னு வீட்டுக்குப் போயிட்டா. ரோடு பூரா களிமண் பாதம்.

"அப்புறம்?"

அப்புறம் ஃப்ராகட் அம்மா கம்பை ஊனிக்கிட்டு மூச்சு வாங்க மேட்டுல ஏறி வந்தாங்க. "எனக்கு உன்னை விட்டா ஆள் இல்ல, வா"ன்னாங்க. இவளுக்கு வெக்கமாப் போச்சு. கூடவே போனா.

திங்கக்கிழமை பூ வெக்க ஆரம்பிச்சாங்க. கீழ் பாதியில புல்லு, ஆட்டுக்குட்டி, சர்ச். அதெல்லாம் மத்தவங்க பங்கு. மேல் பாதி வானம், அதுக்கு நடுவுல சூரியன். அது பூரா இவ பங்கு. ஊர்ல இருந்த நீலப் பூ அத்தனையும் பறிச்சு வாளி வாளியா வெச்சாச்சு. இவ என்ன செஞ்சா? பலகையை மேஜை மேல படுக்கப் போட்டிருக்காங்கல்லா, பாத்தா தரை மாதிரி இருக்கு. தரைன்னா நமக்கு எப்படிக் கை போகும்? நடுவுல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி வரும். விசேஷத்துக்கு நம்ம ஊர்ப் பக்கம் பூக்கோலம் போடுவோமே, அந்த மாதிரி. சூரியன்ல ஆரம்பிச்சா. மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, புது வரிசை பழைய வரிசையோட ஓரத்து மேல ஏறுற மாதிரி. மூணு நாள் இடுப்பொடிய வெச்சா. வானம்னா அப்படி ஒரு வானம் வேணி, எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்க.

"ம்."

புதன்கிழமை மத்தியானம் எட்டு ஆம்பளைங்க ஹேய் ஹேய்னு பலகையைத் தூக்கிக் கிணத்தடியில நிறுத்தினாங்க. அப்போ இவ ஆசையா வானத்தை மேல இருந்து கீழ விரலால தடவிப் பாத்தா. சூரியனுக்கு மேல வழுவழுன்னு போச்சு. சூரியனுக்குக் கீழ வந்ததும் கரகரன்னு விரல்ல தடுக்குது. குனிஞ்சு பாத்தா, இதழ் பூரா சட்டைப் பை மாதிரி மேல வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது. சட்டுன்னு கையை எடுத்துட்டா.

"ஏன்?"

எதுத்த வீட்டுக் கூரையைப் பாத்தா. ஓடு எப்படி வேய்வாங்க? கீழ இருந்துதானே ஆரம்பிப்பாங்க. கீழ் ஓட்டு மேல மேல் ஓடு ஏறி உக்காந்தாத்தான் தண்ணி வழிஞ்சு ஓடும். இந்தப் பூவையும் அப்படித்தான் கீழ இருந்து வெக்கணும். அந்த ஊர்ல சின்னப் புள்ளைக்கும் அது தெரியும், அதனால யாரும் அவகிட்ட வாய் விட்டுச் சொல்லல. மழை பெஞ்சா அத்தனை பையிலயும் தண்ணி இறங்கும். களிமண் கரையும். வானம் விழும். திருத்தலாம்னா ஊர்ல ஒரு நீலப் பூ மிச்சமில்ல. மறுநாள் பதினோரு மணிக்குத்தான் ஜெபம். ஃப்ராகட் அம்மாகிட்டச் சொல்லணும்னு வீட்டு வாசல் வரைக்கும் போனா. அவங்க டீக்கோப்பையை எல்லாம் எடுத்துத் தொடைச்சு அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. வர்றவங்களுக்காக. இவ அப்படியே திரும்பிட்டா.

அப்புறம் நாலு மணிக்கு முதல் மேகம் வந்துச்சு. கன்னங்கரேல்னு வந்து மலை மேல குடுகுடுன்னு உருண்டுச்சு. இவ கிணத்தடியில நின்னு, "நெல்லையப்பா, இந்தப் பக்கம் வேண்டாம், அடுத்த ஊர்ல பெய்யட்டும்"னு வேண்டிக்கிட்டா. உஸ்ஸுன்னு காத்து வந்து மேகத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிட்டுப் போச்சு. அந்த ஊர்க்காரங்க என்ன பாவம் பண்ணாங்களோ.

"ம்..."

ஆறு மணிக்கு ரெண்டாவது மேகம். சிலுசிலுன்னு தூறல். இவ ஓடிப் போய் குடையை விரிச்சு வானத்துக்கு மேல பிடிச்சா. ஹீத்கோட் வந்தார். "என்ன பண்றே? பலகையை மூடக் கூடாது. வெயிலோ மழையோ, அது தானா நிக்கணும். அதுதான் விதி." குடையை மடக்க வெச்சுட்டார். டப்பு டப்புன்னு நாலு சொட்டு பையில விழுந்துச்சு. நல்லவேளை, அதோட நின்னுச்சு. அன்னைக்கு அவளுக்குச் சோறு இறங்கல. புருஷன்கிட்டயும் சொல்லல.

"விழுந்துச்சா அத்தை?"

இரு, வர்றேன். வியாழக்கிழமை பதினோரு மணி. ஊரே கூடிருச்சு. பூம் பூம்னு பேண்டு. ஃப்ராகட் அம்மா நல்ல தொப்பி போட்டுக்கிட்டு முன்னாடி நாற்காலியில உக்காந்திருக்காங்க. பாதிரியார் புத்தகத்தைத் தொறந்தார், மூணாவது மேகம் வாயைத் தொறந்துச்சு. சோன்னு கொட்டுது. எல்லாரும் குடைக்குள்ள. பலகை மட்டும் நனையுது. ஒவ்வொரு பையும் ரொம்புறது எனக்குத் தெரியுது. சாமி, சீக்கிரம் படிங்க, சீக்கிரம் படிங்கன்னு எனக்குள்ள அலறுறேன். அந்த மனுஷன் நிறுத்தி நிதானமாப் படிக்கிறார்.

"நான்னு சொல்லிட்டீங்க."

சரிட்டி, நான்தான். அவர் ஆமென் சொல்ல இன்னும் ரெண்டே வரி இருக்கு. வானத்துல ஒரு சாண் அகலம் மெதுவா நழுவுச்சு, சர்ர்ர்னு வந்து பொத்துன்னு ஆட்டுக்குட்டி காலடியில விழுந்துருச்சு. சூரியனுக்குக் கீழ வெறும் மண்ணு. ஹீத்கோட் ஃப்ராகட் அம்மாவைப் பாத்தார்.

எனக்கு எங்க இருந்து தைரியம் வந்துச்சோ தெரியல. கூட்டத்துக்கு முன்னாடி போய், "தப்பு என்னுது. நான் நடுவுல இருந்து வெச்சுட்டேன். புதன்கிழமையே தெரியும், பயந்துக்கிட்டுச் சொல்லல. ஃப்ராகட் அம்மா முறையில வெச்ச இடம் ஒரு இதழ் கூட அசையல, வேணும்னா பாருங்க"ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு அழுதுட்டேன்.

"ம்."

ஹீத்கோட் கிட்ட வந்தார். புல்லைத் தொட்டார், சர்ச்சைத் தொட்டார். எல்லாம் கெட்டியா இருக்கு. "இனிமே எங்க இருந்து வெப்பே?"ன்னார். "கீழ இருந்து"ன்னேன். "அடுத்த வருஷம் இந்தப் பலகையை வந்து பாக்குறேன்"னு சொல்லிட்டுத் தொப்பியில இருந்த தண்ணியை உதறிக்கிட்டுப் போயிட்டார்.

கூட்டமெல்லாம் டீ குடிச்சுட்டுப் போன பெறகு நானும் ஃப்ராகட் அம்மாவும் கோப்பை கழுவுறோம். அப்போ அவங்க சொல்றாங்க, "நீ நடுவுல ஆரம்பிச்சதை நான் திங்கக்கிழமை காலையிலயே பாத்துட்டேன்."

நான் கோப்பையைக் கீழ வெச்சுட்டேன். "பாத்தீங்களா? பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை ஒருத்தி சிரிச்சதுக்கே நீ வீட்டுக்குப் போயிட்டே. நானும் ஒரு வார்த்தை சொல்லி நீ மறுபடி போயிட்டா? ரெண்டாம் தடவை அந்த மேடு ஏற எனக்குக் கால் இல்ல. பலகை விழுந்தா விழட்டும், நீ வராமப் போயிருவியோன்னுதான் எனக்குப் பயம்."

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு வேணி. தெரிஞ்சுக்கிட்டே என்னை இப்படித் தவிக்க விட்டாங்களேன்னு. அப்புறம்தான் உறைச்சுது. நான் ஒரு நாள்தான் வானத்தைப் பாத்துப் பயந்தேன். அவங்க நாலு நாளா என் மூஞ்சியைப் பாத்துப் பயந்துக்கிட்டு இருந்திருக்காங்க. ஒரு வயசான மனுஷியை, என் மூக்கு நுனிக் கோவத்தால அப்படி வெச்சிருந்தேனேன்னு எனக்குத் தாங்கல. அவங்க மடங்கின கையைப் பிடிச்சுக்கிட்டு, "நாளைக்கும் வருவேன், பலகை இருந்தாலும் இல்லைன்னாலும் வருவேன்"னு சொன்னேன். அவங்க இன்னொரு கோப்பை டீ ஊத்தினாங்க.

வேணி? ஏட்டி? 'ம்' வரல. சரி, கதை வீடு போய்ச் சேந்தாச்சு, நீயும் நல்லா உறங்கு.