தோன்றா எழுவாய்

ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வாழ்ந்த நாடுகள் நான்கு இருந்தன. ஆற்றின் கரை பல இடங்களில் அரிக்கப்பட்டுக் கிடந்தது. பெருவெள்ளம் வந்தால் தாங்காது என்பது நான்கு அரண்மனைகளுக்கும் தெரியும். ஆகவே தூதர்கள் கூடினார்கள். கூடி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சண்டை போட்டார்கள்.

கரையை உயர்த்த வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. யார் உயர்த்துவது என்பதில்தான் இழுபறி. மேட்டு நாட்டார் பள்ளத்து நாட்டாரைக் கைகாட்டினார்கள், பள்ளத்தார் மேட்டாரை. ஓலையில் எந்த மன்னரின் பெயரை எழுதினாலும் அவருடைய தூதர் எழுந்து வெளியே போனார்.

உடன்படிக்கை எழுத வந்திருந்த வேண்மாறன் சொல்லில் கெட்டிக்காரன். பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு, ‘அடுத்த மழைக்குள் கரையை உயர்த்த வேண்டும்’ என்று மட்டும் எழுதினான். நான்கு முத்திரைகளும் மளமளவென்று விழுந்தன. அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

மழை வந்தது, கரை உடைந்தது. பள்ளத்து நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அவனுடைய ஒரே மகள் நப்பின்னை வீட்டோடு போனாள். உடல்கூடக் கிடைக்கவில்லை. எடுத்து எரிக்கக்கூட ஒன்றும் இல்லாத துக்கம் அது, பாவம்.

வேண்மாறன் தனக்கு இலக்கணம் கற்பித்த பூதநந்தி அடிகளைத் தேடி வந்தான். இருவருக்குமே தலை நரைத்துவிட்டது. தூதர்கள் மறுபடி கூடுகிறார்கள், மறுபடி தன்னைத்தான் எழுதச் சொல்கிறார்கள், அழைத்துப்போக வாசலில் பல்லக்கு நிற்கிறது என்று சொன்னான். சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதான். அடிகள் தடுக்கவில்லை.

“நான் எழுதியதில் பிழை உண்டா அடிகளே?”

“வாக்கியத்தைச் சொல்.”

சொன்னான்.

“உயர்த்த வேண்டியது எது?”

“கரை.”

“உயர்த்த வேண்டியது யார்? எழுவாய் எங்கே?”

“தோன்றா எழுவாய். நீங்கள் கற்பித்ததுதான். எழுதாவிட்டாலும், செய்கிறவர் யார் என்று படிக்கிறவருக்கே விளங்கும் என்றீர்கள்.”

“விளங்கியதா?”

வேண்மாறன் தலை குனிந்தான். “ஒவ்வொருவரும் பக்கத்து நாட்டை வைத்துப் படித்துக்கொண்டார்கள்.”

அடிகள் கண்களை மூடிக்கொண்டார். நப்பின்னை குழந்தையாக இருந்தபோது அவருக்கும் அவளைத் தெரியும்.

“இந்தத் தடவை பெயர்களை எழுதலாம்தான்,” என்றான் வேண்மாறன். “எழுதினால் முத்திரை வைக்க மாட்டார்கள். எழுதாவிட்டால் இன்னொருவன் மகள் போவாள். நான் என்னதான் எழுதட்டும்?”

“நப்பின்னை போன பிறகு அந்த மன்னர்களிடமிருந்து உனக்கு ஒன்றும் வரவில்லையா?”

வந்திருந்தது. மடியிலிருந்து எடுத்தான். நான்கு மன்னர்களும் சேர்ந்து அனுப்பிய இரங்கல் ஓலை.

“படி.”

“‘மேட்டு நாட்டு வேந்தர் நெடுங்கோ, பள்ளத்து நாட்டு வேந்தர் ஆதன், மேற்குக்கரை வேந்தர் கிள்ளி, கிழக்குக்கரை வேந்தர் பொறையன் ஆகிய நாங்கள் நால்வரும்...’” கண்களைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தான். “‘...வருந்துகிறோம்.’”

“இதில் முத்திரை வைக்க யாராவது தயங்கினார்களா?”

“இல்லை. யார் பெயர் முதலில் வருவது என்றுதான் கொஞ்சம் பேச்சு நடந்ததாம்.”

அடிகள் எழுத்தாணியை எடுத்து அவன் கையில் வைத்தார். தம் கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஓலையையே எடுத்துக்கொண்டு போ. பெயர்கள் அப்படியே இருக்கட்டும். வினையை மட்டும் மாற்று.”