மேட்டுக்கு வேலி, பள்ளத்துக்குத் திருட்டு

ஏரிக்கரைக் காட்டுக்கு சிலும்பன் என்ற முள்ளம்பன்றிதான் காவல். அது நடந்து வந்தால் முதுகு முட்கள் சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே கள்ளன் ஓடிவிடுவான் என்று சிலும்பனுக்கு ஒரே பெருமை.

காட்டின் மேட்டில் பெரிய அத்திமரம் ஒன்று இருந்தது. மரத்தில் குரங்குகள் குடியிருந்தன. கீழே பள்ளத்தில் மரநாய்களும் கவுதாரிகளும் வாழ்ந்தன. உதிர்ந்து கிடக்கும் அத்திப்பழத்தை யார் வேண்டுமானாலும் வந்து பொறுக்கிக்கொள்ளலாம். யாரும் தடுத்ததில்லை.

ஒரு கோடையில் குரங்குகளின் தலைவனான தாடிக் குரங்கு சிலும்பனைக் கூப்பிட்டது.

"தம்பி, பள்ளத்து மரநாய்ங்க தொல்லை தாங்கலை! மரத்தைச் சுத்தி வேலி போட்டுடு!"

"போட்டாச்சுன்னே வெச்சுக்குங்க, தலைவரே!"

சிலும்பன் கருவேல முள்ளை இழுத்து வந்து, மரத்தைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைத்துவிட்டது. குரங்குகள் பழத்தைப் பாதி கடித்து மீதியைக் கீழே எறிந்தன. எறிந்த பழம் அழுகியது, ஈ மொய்த்தது. மரநாய்கள் வேலிக்கு வெளியே நின்று மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பிப் போயின. சிலும்பன் அதைப் பார்த்தது. பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் பொன்னரி என்ற கவுதாரி மேட்டுக்கு ஓடி வந்தது.

"சிலும்பண்ணே! என் முட்டையைக் காணோம்! இரை பொறுக்கிட்டு வர்றதுக்குள்ள யாரோ எடுத்துட்டாங்க!"

"தரையில முட்டை வெச்சா காணாமத்தான் போகும். மரத்து மேல வெச்சுக்க வேண்டியதுதானே!"

"கவுதாரி மரத்துல கூடு கட்டுமா அண்ணே?"

மேலே இருந்த குரங்குகள் கெக்கெக்கே என்று சிரித்தன. சிலும்பனும் கூடச் சேர்ந்து சிரித்தது. பொன்னரி இறங்கிப் போனது. அதற்குப் பிறகும் பள்ளத்தில் முட்டைகள் காணாமல் போயின. ஆனால் யாரும் மேட்டுக்கு வந்து முறையிடவில்லை. முறையீடு இல்லையென்றால் திருட்டும் இல்லை என்று சிலும்பன் நினைத்துக்கொண்டது.

ஒருநாள் வேலி ஓரிடத்தில் பிரிந்து கிடந்தது. தாடிக் குரங்கு குதியாகக் குதித்தது.

"என் பழத்துல கை வெச்சவன் எவன்? இன்னிக்கே பிடி!"

சிலும்பன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தது. ஒரு வளை விடாமல் கிளறியது. மரநாய்கள் சிதறி ஓடின. ஓட முடியாமல் மாட்டியது மூக்காயி என்ற கிழட்டு மரநாய்தான்.

"எனக்கு மேடேறத் தெம்பே இல்லையேப்பா! நான் எங்கே வந்து வேலியைப் பிரிக்க?" என்று அது கும்பிட்டது.

சிலும்பன் காதில் வாங்கவில்லை. மூக்காயியை அத்திமரத்தடிக்கு இழுத்து வந்து போட்டது. இழுத்த இழுப்பில் சிலும்பனின் முள் ஒன்று மூக்காயியின் பின்னங்காலில் ஏறிவிட்டது. "சபாஷ்!" என்றது தாடிக் குரங்கு.

மறுநாள் காலையில் ஒரு குரங்குக் குட்டி விளையாட்டாக வேலி முள்ளை உருவிக்கொண்டிருந்ததை சிலும்பன் பார்த்தது. நேற்றுப் பிரிந்த அதே இடம்! மூக்காயி மேல் குற்றமில்லை என்று சிலும்பனுக்குப் புரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. 'போகட்டும், பள்ளத்துக்கு ஒரு எச்சரிக்கையா இருக்கட்டும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

அதன் பிறகு சிலும்பன் பள்ளத்தில் இறங்கினால் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. திருட்டு மட்டும் நிற்கவில்லை. கடைசியில் பொன்னரியின் கூட்டில் ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை என்று கேள்விப்பட்டு, சிலும்பன் முதல் தடவையாக அந்தக் கூட்டைப் பார்க்கப் போனது.

பொன்னரி வெறும் கூட்டின்மேல் அடைகாப்பதைப் போல உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் உடைந்த ஓடுகள்.

"யார் எடுத்ததுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ சொல்லேன்!"

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"தோலை உரிச்சிடறேன்!"

"யார் தோலை? அவன் ஒருத்தன் தோலையா, அவன் சாதிசனம் எல்லார் தோலையுமா?" பொன்னரி உடைந்த ஓடு ஒன்றைக் காலால் தள்ளியது. "மூக்காயி ஆத்தா இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் நடக்குது. என் முதல் முட்டை போனப்ப நான் உங்ககிட்டதாண்ணே ஓடி வந்தேன். நீங்க சிரிச்சீங்க."

சிலும்பனின் முட்கள் தாமாகவே படிந்து முதுகோடு ஒட்டிக்கொண்டன. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூக்காயியின் வளைக்குப் போனது.

"ஆத்தா, அன்னிக்கு வேலியைப் பிரிச்சது குரங்குக் குட்டி. மறுநாளே எனக்குத் தெரியும்."

மூக்காயி நிமிர்ந்து பார்த்தது. "தெரிஞ்சுமா சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சு."

"இப்போ?"

"இப்போ அதைவிட வெக்கமா இருக்கு."

"அதை ஏன் என் வளைக்குள்ள வந்து முணுமுணுக்கறே? என்னை இழுத்துப் போட்ட இடத்துல நின்னு சொல்லு! எல்லாரும் கேட்கணும்."

அன்று மாலையே சிலும்பன் அத்திமரத்தடியில் மேட்டையும் பள்ளத்தையும் கூட்டியது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னது. குரங்குகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. மரநாய்கள் கண்ணெடுக்காமல் அதையே பார்த்தன. அந்தப் பார்வைதான் சிலும்பனுக்குப் பொறுக்கவில்லை.

சிலும்பன் பேசி முடித்ததும் பொன்னரி முன்னால் வந்தது.

"இப்போ நான் சொல்றேன். என் முட்டையைத் தின்னது வரியன்!"

வரியன் வாட்டசாட்டமான மரநாய். அது சீறிக்கொண்டு எழுந்தது. "ஆமா, தின்னேன்! வேலிக்கு உள்ளே பழம் அழுகுது, வெளியே எங்க வயிறு எரியுது. வேற என்ன பண்ணச் சொல்றே?"

"அந்தப் பழத்தை அழுகவிட்டது நானா?" என்று பொன்னரி கத்தியது. "உனக்கு இருக்கற பசிதானே எனக்கும்! மேட்டுல கை வைக்கப் பயந்தே. என்னைக் கண்டா யாருக்கும் பயமில்லை, அதான் என்கிட்ட வந்தே!"

வரியனின் சீற்றம் அடங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "முதல் தடவை பசியிலதான் எடுத்தேன். அப்புறம்... சுலபமா இருந்துச்சு. யாரும் கேட்கலை."

யாரும் கேட்கலை! அந்தச் சொல் சிலும்பனைச் சுருக்கென்று தைத்தது. கேட்க வேண்டிய ஆள் அதுதானே! அது எழுந்து போய் வேலி முள்ளைப் பல்லால் கடித்து இழுத்தது.

"ஏய், என்ன பண்றே!" என்று தாடிக் குரங்கு பாய்ந்து வந்தது.

"மரத்துல இருக்கறது உங்களுக்கு, தலைவரே. கீழே விழுந்தது எல்லாருக்கும். பழையபடி!"

"காவல் வேலை உனக்கு வேண்டாமா?"

"மேட்டுக்கு மட்டும்னா வேண்டாம்!"

கூடி நின்ற கூட்டத்தைப் பார்த்துத் தாடிக் குரங்கு முணுமுணுத்துக்கொண்டே மரமேறிவிட்டது. பிரித்த முள்ளைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்க் கவுதாரிக் கூடுகளைச் சுற்றி அடைத்தார்கள். அந்த முள்ளை இழுத்துச் சுமந்தது வரியன்தான். மூக்கெல்லாம் ரத்தம். பொன்னரி இரை பொறுக்கப் போகும்போதெல்லாம் வரியன்தான் கூட்டுக்குக் காவல் என்றும் தீர்ப்பானது. பொன்னரி முதலில் மாட்டேன் என்றது. பக்கத்து வளைக்காரர்களும் பார்த்துக்கொள்கிறோம் என்ற பிறகே அரைமனதாகச் சம்மதித்தது.

திருட்டு ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் வெகுவாகக் குறைந்தது. எங்கேயாவது ஒரு முட்டை போனால் பள்ளமே சத்தம் போட்டு சிலும்பனைக் கூப்பிட்டது. சிலும்பனும் முள்ளைச் சிலிர்ப்பதற்கு முன்னால் நடந்ததை விசாரித்தது.

மூக்காயியின் கால் மட்டும் சரியாகவில்லை. சிலும்பன் தினமும் நல்ல பழமாகப் பொறுக்கி அதன் வளை வாசலில் வைக்கும். மூக்காயி பழத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் "வா" என்று ஒரு சொல் சொன்னதில்லை. அதைக் கேட்கும் உரிமை தனக்கில்லை என்று சிலும்பனுக்கும் தெரியும். தலையைக் குனிந்தபடியே திரும்பிப் போய்விடும்.

திருட்டை ஒழிக்க நினைப்பவர்கள் திருடனைப் பிடித்தால் மட்டும் போதாது. அவனைத் திருட வைத்த அநியாயத்தைத் திருத்தி, பறிகொடுத்த ஏழையின் சொல்லுக்குக் காது கொடுத்து, தங்கள் காவலில் உள்ள குற்றத்தையும் வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.