ஊசித் தூண்டிலும் முசுறு முட்டையும்

முன்ன ஒரு காலத்துல, மேகத்தைக் கூப்பிட்டா மழை எட்டிப் பாத்துட்டுப் போன காலத்துல, மருதங்கண்மாய்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல சடச்சின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் பேரு வீரணன். கண்மாய் மடையைத் தொறந்து வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறதுதான் அவன் வேலை. காலையில போவான், மத்தியானம் போவான், பொழுது சாயுற நேரம் போவான். ஒரு வம்புதும்புக்கும் போக மாட்டான்.

அந்த நாட்டு ராசாவுக்கு ஒரே மக. அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. வந்து, காய்ச்சல் விட்டும் வாய்க்கசப்பு விடல. கஞ்சி குடுத்தா துப்புது, பாலு குடுத்தா துப்புது, தேனைக் குடுத்தாலும் துப்புது. எலும்பும் தோலுமாப் போச்சு. வைத்தியர் வந்து நாடி புடிச்சுப் பாத்துட்டு, "ராசாவே, மருதங்கண்மாய்க் கெண்டை மூணு வேணும். உசிரோட வரணும், ஒரு செதிலு உதிரக் கூடாது. அதுல சாறு வச்சுக் குடுத்தா புள்ள வாய் தொறக்கும். நாள் கடத்தாதீங்க"ன்னாரு.

வலை போட்டுப் புடிக்க வேண்டியதுதானேன்னு கேக்குறீங்களா? கேப்பீங்க. கண்மாய் முழுக்க முள்ளும் வேருமாக் கிடக்கு, வலை போட்டா கந்தலாயிரும். தூண்டில்தான் போடணும்.

அரண்மனைக்கு மீன் புடிக்கிறவன் கொப்பையன். மீசை மட்டும் ஒரு முழம் இருக்கும். அவன் என்ன செஞ்சான், கொக்கி மாதிரி ஒரு பெரிய முள்ளு, தாம்புக்கயிறு, அதுல ஆட்டுத் தொடைக்கறின்னு எடுத்துட்டுப் போய் உக்காந்தான். காலையில உக்காந்தவன் பொழுது சாயுற வரைக்கும் உக்காந்தான். ஒரு மீனும் வரல. "என்னால முடியல"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? சொல்லலை. நேரா ராசாகிட்ட போய், "ராசாவே, கண்மாயில மீனே இல்ல. மடை பாக்குற வீரணன் கள்ளிப்பாலைக் கலந்து எல்லாத்தையும் சாகடிச்சுட்டான்"னு ஒரு பொய்யைச் சொல்லிட்டான்.

ராசாவுக்கு மக கவலை. கண்ணு மண்ணு தெரியல. வீரணனைப் புடிச்சுக் கட்டிப் போட்டாரு. சடச்சி ஓடிப் போய்க் கால்ல விழுந்து அழுதா. ராசா சொன்னாரு, "இன்னையிலிருந்து மூணாம் நாள் பொழுது சாயுறதுக்குள்ள அந்தக் கண்மாயிலிருந்து மூணு கெண்டையை உசிரோட கொண்டு வந்து காட்டு. விட்டுர்றேன். இல்லேன்னா கள்ளிப்பால் ஊத்துன கையை வாங்கிருவேன்."

பாவம், தூண்டில் புடிச்சுப் பழகுன கை இல்ல அவளுக்கு. மத்தவுகளோ கொப்பையனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கிட்டாங்க. என்ன செய்வா?

முத நாளு. வீட்டுல கிடந்த விரால் தூண்டிலை எடுத்தா, முள்ளு கட்டைவிரல் தண்டி, கயிறு பூணூலை நாலு மடிச்ச தண்டி, மிதக்குற தக்கை சுரைக்குடுக்கை தண்டி. பச்சரிசி மாவை உருட்டிக் குத்திப் போட்டா. தக்கை லேசா நடுங்குச்சு. இழுத்தா, முள்ளு மட்டும் வந்துச்சு. மறுபடி போட்டா, நடுங்குச்சு, இழுத்தா, முள்ளு மட்டும். மூணாவது தடவையும் அதேதான். ஆனா அவளுக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. மாவைத் திங்குறதுக்கு உள்ள ஆளு இருக்கே! ராசா கரையில காவலுக்கு நிறுத்தியிருந்த சேவகங்கிட்ட ஓடிப் போய், "ஐயா, மீன் இருக்குய்யா, மாவைத் தின்னுருச்சுய்யா"ன்னா.

"எங்கே, காட்டு."

"தின்னுட்டுப் போயிருச்சுய்யா."

"போ, போ. மாவு தண்ணியில கரையாதா?"

வீட்டுக்கு வந்து யோசிச்சா. கெண்டை வாயி எம்புட்டு இருக்கும்? மல்லிகை மொட்டு தண்டிதான். அதுல கட்டைவிரலு நுழையுமா? துணி தைக்கிற ஊசியை எடுத்தா, அடுப்புல காய்ச்சினா, வளைச்சா. கயிறு தண்டியா இருந்தா மீனு பயப்படுமேன்னு, மறுநா விடிஞ்சதும் சேவகனோட குதிரைகிட்ட போய் நின்னா.

"என்னடி, வாலை அறுக்கப் போறியா?"

"மூணே மூணு மயிரு குடுய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவனுக்கே மனசு இளகிப் போச்சு, குடுத்துட்டான். முறுக்கி ஊசிக் காதுல கட்டி, மயிலிறகுக் காம்பைத் தக்கையாக் கட்டினா.

ரெண்டாம் நாளு மண்புழுவைக் குத்தி ஆழத்துல விட்டா. முதல்ல ஒரு நண்டு வந்துச்சு. அடுத்து ஒரு கெளுத்தி வந்து, விரல்ல முள்ளை ஏத்திட்டுப் போச்சு. அடுத்தும் ஒரு நண்டு. கெண்டை மட்டும் வரல. விரலு வீங்கி விண்ணு விண்ணுங்குது, பொழுது சாஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்து வெறுந்தரையில உக்காந்தா. நாளைக்கு இதே நேரம் அவரு கை இருக்குமா, இருக்காதா? அவளுக்குச் சோறு இறங்கல.

மூணாம் நாளு காலையில மாவு போட்டா கரைஞ்சு போகுது, புழு போட்டா நண்டு வருது. உச்சிப் பொழுதும் ஆயிருச்சு. அப்போ ஒரு மீன்கொத்தி சொய்ங்குன்னு பாஞ்சு ஒரு கெண்டைக்குஞ்சைக் கொத்திட்டுக் கெளையில வந்து உக்காந்துச்சு. அதைக் கெளையில அடிச்சு அடிச்சுக் கொன்னுச்சு, கடைசியில அலகு நழுவி மீனு சடச்சி காலடியில பொத்துன்னு விழுந்துச்சு. செதிலு போன செத்த மீனு. இதைக் காட்டினா, 'பாத்தீங்களா, கள்ளிப்பால்ல செத்தது'ன்னுல்ல கொப்பையன் சொல்லுவான்? சடச்சி அதைக் கையில எடுத்தவ, தூக்கிப் போட்டுருவோம்னு பாத்தா. அப்புறம் என்ன தோணுச்சோ, நகத்தால வயித்தைக் கீறினா. உள்ள வெள்ளை வெள்ளையா, அரிசிக் குருணை மாதிரி. அரிசி இல்ல, முசுறு எறும்போட முட்டை!

நிமிந்து பாத்தா. தலைக்கு மேல மருதமரம், இலையை எல்லாம் சேத்துத் தச்சு, செவப்பு முசுறு கூடு கட்டியிருக்கு. கூடு ஒரு பக்கம் கிழிஞ்சு, காத்தடிக்கிறப்ப எல்லாம் முட்டை தண்ணியில சிந்துது. கெண்டைகளுக்கு அங்கதான் பந்தி!

ஏறினா மரத்துல. முசுறு விட்டுச்சா? கையில கடிச்சுச்சு, கழுத்துல கடிச்சுச்சு, காதுக்குள்ள போய்க் கடிச்சுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு கொட்டாங்குச்சி முட்டை எடுத்துட்டு இறங்கினா. முட்டை மேலதானே விழுது, மீனும் மேலதானே நிக்கும்னு, தக்கையை இறக்கிக் கட்டி ஊசியை ஒரு சாண் ஆழத்துல விட்டா. காம்பு சுளுக்குன்னு முங்குச்சு. இழுத்தா, வெள்ளிக்காசு மாதிரி துள்ளுச்சு கெண்டை!

ஒண்ணு ஆச்சு, ரெண்டு ஆச்சு. மூணாவது கரை வரைக்கும் வந்து நழுவிருச்சு. ஊசியில வளைவுதான் இருக்கு, மீனை நழுவ விடாம மாட்டி வைக்கிற எதிர்முள்ளு ஏது? மயிரு கொஞ்சம் தொய்ஞ்சா போதும், மீனு போயிரும். அதுக்குள்ள பொழுது இறங்கி அவ நெழலு நீட்டமாத் தண்ணி மேல விழுந்துச்சு, மீனெல்லாம் கலைஞ்சு போச்சு. அய்யோ, என் நெழலே எனக்குப் பகையாச்சேன்னு குப்புறப் படுத்துக்கிட்டா, மூச்சைக் கூட மெதுவா விட்டா. மரத்து உச்சியில மட்டும்தான் வெயிலு இருக்கு. அப்போ முங்குச்சு காம்பு. தொய்ய விடாம, தொய்ய விடாம, கைக்குள்ள கொண்டு வந்துட்டா!

மூணையும் பானைத் தண்ணியில போட்டுக்கிட்டு, பொழுது அடையுறதுக்குள்ள ஓடினா. அரண்மனை வாசல்ல கொப்பையன் நின்னான். "பொம்பளை உள்ள போகக் கூடாது, குடு"ன்னு பானையைப் புடுங்கிட்டு உள்ள போய், "ராசாவே, கண்மாயில கடைசியா மிஞ்சுன மூணு கெண்டை. நான் புடிச்சது"ன்னான்.

சடச்சி வாசல்ல நின்னுக்கிட்டே, "ராசாவே! எதுல புடிச்சான்னு கேளுங்க! என்ன எரை போட்டான்னு கேளுங்க!"ன்னு கத்தினா.

ராசா அவளையும் உள்ள கூப்பிட்டு, "எதுலடா புடிச்ச?"ன்னாரு.

கொப்பையன் பெரிய முள்ளைக் காட்டி, "இதுலதான் ராசாவே. ஆட்டுக்கறி வச்சேன்"னான்.

ராசா மீன் வாயில முள்ளை வச்சுப் பாத்தாரு. மீன் தலையை விட முள்ளு பெருசு. சடச்சி ஊசியைக் குடுத்தா. மீன் உதட்டுல ஊசி போன தொளை அப்பிடியே இருந்துச்சு. சமையக்காரி சாறு வைக்க மீனை அறுத்தா, வயித்துல ஆட்டுக்கறியா இருந்துச்சு? முசுறு முட்டை!

ராசா எந்திரிச்சாரு. "புள்ள உசிரோட வெளையாடுனியேடா! இவன் கையை வெட்டுங்க!"

சடச்சி சொன்னா, "வேணாம் ராசாவே. கை போச்சுன்னா புள்ளைக்குத் தினம் கெண்டை யாரு புடிக்கிறது?"

ராசாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அப்பிடின்னா தினமும் மூணு கெண்டை, ஊசித் தூண்டில்ல. முட்டையையும் நீயேதான் மரமேறிப் பறிக்கணும்"னுட்டாரு. புள்ள அன்னைக்கு ஒரு கரண்டி சாறு குடிச்சுச்சு, துப்பலை. ரெண்டாவது கரண்டியை அதுவே கேட்டுச்சு.

வீரணனை அவுத்து விட்டாங்க.  சடச்சி அவன் கையை எடுத்து, ஒவ்வொரு விரலாத் தொட்டுப் பாத்தா. அப்புறம்தான் அழுதா.

மீனைப் புடிக்கணும்னா மீனு வாயைப் பாக்கணும், கண்ணுகளா, நம்ம மீசையைப் பாக்கக் கூடாது. கொப்பையன் மேலெல்லாம் முசுறுத் தடிப்பு, சடச்சி வீட்டுல கெண்டைக் கொழம்புக் கொதிப்பு. கொழம்பு இறங்குச்சு, கதையும் இறங்குச்சு.