உலகப்பன் உண்ணாத நெய்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே! குதிரையைவிட வேகமாக எதுவும் ஓடாத காலத்தில், நெடுந்துறை என்ற ஊரை விசயராயன் என்னும் அரசன் ஆண்டுவந்தான்.

அவ்வூர்க் கடைத்தெருவில் உலகப்பன் என்ற வணிகன் நெய் விற்றான். அவனுடைய சட்டிகளின்மேல் பசுவின் படம் இருக்கும். படத்துக்குக் கீழே 'சுத்தமான பசு நெய்' என்ற எழுத்து இருக்கும். எழுத்துக்குக் கீழே அரசாங்க முத்திரையும் இருக்கும். பசு நெய் மட்டும் உள்ளே இருக்காது. ஆட்டுக் கொழுப்பை உருக்கி, இலுப்பை எண்ணெயைக் கலந்து, மஞ்சளைத் தூவி அடைத்திருப்பான்.

பூவாயி என்ற நெசவுக்காரி, காய்ச்சலில் மெலிந்த தன் மகளுக்கு அந்த நெய்யைச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள். குழந்தை வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தது. எழுந்து உட்காரவே பல நாள் ஆயிற்று. பூவாயி அரண்மனைக்குப் போய் முறையிட்டாள்.

நெய்ச் சட்டிகளுக்கு முத்திரை குத்தும் சோதனை அதிகாரி மருதையனை அரசன் அனுப்பினான். அதிகாரிக்கென்றே நல்ல நெய்யில் ஒரு சட்டியை உலகப்பன் தனியாக வைத்திருந்தான். மருதையன் முகர்ந்தார், நக்கினார், "அப்பழுக்கில்லை" என்றார். சட்டி அவரோடு வீட்டுக்குப் போயிற்று.

பூவாயி மறுபடி முறையிட்டாள். மருதையன் மறுபடி போனார். மறுபடி ஒரு சட்டி. மூன்றாம் முறையும் அதே கதைதான். ஊரில் நெய் திருந்தவில்லை. மருதையனுக்குத் தொப்பைதான் விழுந்தது.

"இனி நான் என்னம்மா செய்ய?" என்று அரசன் சலித்துக்கொண்டான்.

"கடை நெய்யைச் சோதிக்க வேணாம் ராசா. எங்க வீடுகளுக்கு வந்த நெய்யை எடுத்து, அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு விருந்து வையுங்க" என்றாள் பூவாயி.

சேவகர்கள் வீடு வீடாகச் சென்று, இன்னும் திறக்காத சட்டிகளாகப் பார்த்துக் கொண்டுவந்தார்கள்.

"இவை உம்முடைய சட்டிகள்தானே?" என்று, மருதையனோடு விருந்துக்கு வந்து அமர்ந்த உலகப்பனிடம் அரசன் கேட்டான்.

"என்னுடையவையேதான் மகாராசா! பசுவைப் பாருங்கள், முத்திரையைப் பாருங்கள்!" என்றான் உலகப்பன்.

இலையில் சோறு விழுந்தது. சோற்றில் நெய் விழுந்தது. உலகப்பன் கை மட்டும் இலைக்குப் போகவில்லை.

"இன்று எனக்கு விரதம்."

"விரதத்துக்கு நெய் ஆகுமே" என்றான் அரசன்.

"வைத்தியர் வேண்டாமென்றார்."

"அவர் இதோ இருக்கிறார். சொல்லவே இல்லையாம். உண்ணும்!"

"ஐயோ மகாராசா, இதை மனுசன் தின்பானா?"

சபை சிரித்தது. பூவாயி சிரிக்கவில்லை. "என் மக தின்னாளே" என்றாள்.

பக்கத்து இலையில் இருந்த மருதையனோ, தான் அறிந்த நெய்தானே என்று முன்பே ஒரு கவளம் விழுங்கியிருந்ததால், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

உலகப்பனின் கடை பூட்டப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெருத்தெருவாகக் கூவியபடி, அத்தனை சட்டிகளையும் அவனே சுமந்துபோய்ப் புதைத்தான். மருதையனின் பதவி போகவில்லை. அவர் முத்திரை குத்திய நெய்யில்தான் இனி அவர் வீட்டுச் சமையல், அதுவும் மக்கள் வாங்கிய சட்டியிலிருந்து, என்று அரசன் ஆணையிட்டான். அன்று முதல் அவருடைய மூக்கைப்போல் கூர்மையான மூக்கு அந்நாட்டில் இல்லை.

ஆகையால், தான் உண்ணத் துணியாததைப் பிறருக்கு விற்பதும், ஆராயாமல் அதற்கு முத்திரை குத்துவதும் ஒரே குற்றம்.