வெள்ளையம்மாவும் மேனேஜரின் மின்னூலும்

வெட்கத்துக்குச் சூடு உண்டா? சாயப்பட்டறை மேனேஜர் தணிகாசலத்தைக் கேளுங்கள்.

பட்டறையில் எல்லாரும் தொழில் நுணுக்கங்களை இணைய மன்றத்தில் எழுதிப் பகிர்ந்துகொள்வது வழக்கம். பாய்லர்காரர் ராக்கியப்பன் அங்கே எழுதியதையெல்லாம் தணிகாசலம் படித்துக்கூடப் பார்க்காமல் வாரிச் சுருட்டி, தன் பெயரில் மின்னூலாகப் போட்டுவிட்டார். உள்ளுக்குள் கூசத்தான் செய்தது. இருந்தாலும் ராக்கியப்பன் வாய் திறக்குமுன் அவரை முதலாளியின் அறைக்கு இழுத்துப்போய் முந்திக்கொண்டார்.

"என் புத்தகத்தைத் திருடியா மன்றத்தில் போட்டாய்? முதலாளி முன்னால் மன்னிப்புக் கேள். இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ!"

ராக்கியப்பன் கைகட்டி நின்றார். "கேட்டுக்கறனுங்க சார். ஒரே ஒரு சந்தேகமுங்க. பன்னண்டாம் பக்கத்துல, 'வெள்ளையம்மா முனகினா வயித்துல ரெண்டு தட்டு தட்டணும்'னு எழுதியிருக்கீங்களே, அது யாருங்க?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஆமாய்யா, யாரு?"

தணிகாசலம் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "அது... எங்க அத்தைங்க."

"ஐயையோ, அத்தையை அடிச்சுப் போடாதீங்க சார்! அது நம்ம பாய்லர் தண்ணி பம்புக்கு நான் வெச்ச பேருங்க."

தணிகாசலத்தின் முகம் வெட்கத்தில் தகதகவென்று கொதித்தது. அந்தச் சூட்டிலேயே, விறகில்லாமல், இரண்டு நாள் சாயம் காய்ச்சினார்களாம். நம்பாதவர்கள் மின்னூலைத் திறந்து பார்க்கலாம். அட்டையில் இப்போது ராக்கியப்பன் பெயர்தான் இருக்கிறது.